எடை மெஷினில் ஏறாதவள்

ஆகஸ்ட் 19, திங்கள்

புது சீசன், புது நோட்டு. காலை ஆறரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டேன். கோடு போடும் மெஷின் மூன்றாவது மைதானத்தின் பாதியில் நின்றுவிட்டது. மீதியை நானே பெயிண்ட் டப்பாவோடு குனிந்து போட்டு முடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு கோல் அடித்த கால்கள் இப்போது பெனால்டி பாக்ஸின் கோடு கோணாமல் இருக்கிறதா என்று நடந்து பார்க்கின்றன. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோடு நேராகத்தான் வந்திருக்கிறது.

பதினோரு வயதில் தூத்துக்குடியிலிருந்து பால்டிமோருக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் யாரும் எடுத்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத் தமிழில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். பிறகு டீம்களின் உடைமாற்றும் அறைகளிலும் அது வசதியாக இருந்தது. ஜெனிட்டா மோத்தா என்ற பெயரை அங்கே யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 'மோ' என்று சுருக்கிக்கொண்டார்கள். விளையாட்டை விட்டு எட்டு வருடம் ஆகிறது. ஆறு வருடமாக இந்த க்ளியர் க்ரீக் பெண்கள் கால்பந்துக் கழகத்தின் இயக்குநர். முந்நூற்று நாற்பது பெண் பிள்ளைகள், இருபத்திரண்டு கோச்சுகள், நான்கு மைதானங்கள், ஒரு பழைய வேன்.

இந்த வருடத்தின் பெருமை பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிதான். அதன் கோச் டானா வெல்ச். என்னோடு ஆறு வருடம் நடுக்களத்தில் ஆடியவள். என் கோல்களில் பாதி அவள் காலிலிருந்து வந்த பாஸ். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் அவளைக் கூட்டிவந்தேன். அப்போது இந்த அணி கடைசி இடத்தில் கிடந்தது. போன வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நவம்பரில் மாநிலக் கோப்பை எங்களுக்குத்தான். இப்போதே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

முதல் நட்பு ஆட்டம், 5–0. ஜெர்சி தைப்பவர் பதினான்காம் எண்ணை இரண்டு பேருக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒருத்தியின் முதுகில் கறுப்பு டேப்பை ஒட்டிப் பதினொன்றாக மாற்றினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மரீன் கரிகன் என்ற அம்மாவிடமிருந்து ஒரு கடிதம். அவருடைய மகள் டெஸ்ஸா டானாவின் அணியில் கோல்கீப்பர். அமைதியான பெண், நல்ல உயரம், பெரிய கைகள். இனி வரமாட்டாளாம். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில் கோச் அளவுக்கு மீறித் தலையிடுகிறார், என் மகள் சாப்பாட்டு மேசைக்கு வரவே பயப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறார்.

டானாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லாப் பெரிய கழகங்களிலும் உள்ளதுதான் என்றாள். அதையே நான்கு வரியில் மரியாதையாக எழுதி அனுப்பினேன். பதினான்கு வயதில் விளையாட்டை விடுகிற பெண்கள் நிறைய உண்டு. அம்மாக்களுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. விஷயம் முடிந்தது.

செப்டம்பர் 4, புதன்

முடிந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். முடிந்ததுதான்.

செப்டம்பர் 14, சனி

ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் நிறைய. எனக்கு மேடைப் பயம் கிடையாது. ஒன்பது முறை தேசிய அணிக்கு ஆடியது, 2010 லீக் இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டது எல்லாம் சொன்னேன். வழக்கம்போல எங்கள் பழைய கோச் வெர்ன் ஹால்சியின் கதையையும் சொன்னேன். திங்கட்கிழமை காலையானால் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்களத்தில் வைப்பார். ஒவ்வொருத்தியாக ஏற வேண்டும். எண்ணைச் சத்தமாகப் படிப்பார். போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் மணல் நிரப்பிய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பத்துச் சுற்று. அவர் குரலில் நான் படித்துக் காட்டினால் எல்லோரும் சிரிப்பார்கள். இன்றும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், உங்கள் எடை எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதிகக் கோல் அடிப்பவள் என்பதால் என்னை மட்டும் அவர் ஏறச் சொன்னதே இல்லை. அதற்கும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 28, சனி

டானாவின் அணி 4–0. புதுக் கீப்பருக்கு ஒரு பந்துகூட வரவில்லை. கோல்போஸ்ட் வலையில் இரண்டு இடத்தில் ஓட்டை. அப்பா தைத்துத் தருகிறேன் என்று நைலான் கயிறு கேட்டார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். வலையில் அவர் போடும் முடிச்சு அவிழாது.

அக்டோபர் 6, ஞாயிறு

டானாவின் அணிப் பிள்ளைகளை வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். அம்மா போனதிலிருந்து அடுப்படி அப்பாவின் ஆட்சி. காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். தேங்காய்ச் சோறு, காரம் குறைத்த கோழிக் குழம்பு, பொரித்த மீன், கடைசியில் இனிப்புக்கு எங்கள் ஊர் முந்திரி மாக்கரோன். பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். எல்லோரும் தட்டை ஒரு தடவை போனில் படம் எடுத்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நினைத்தேன். டானா கொல்லையில் என் அப்பாவோடு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் போன பிறகு அப்பா குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏட்டி ஜெனி, நான் சமைச்சது நல்லால்லையா?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"பின்ன என்னத்துக்கு இப்பிடிக் கெடக்கு? படம் புடிச்சிட்டு, தாள்ல சுத்திக் குப்பையில போட்டுட்டுப் போயிருக்குதுக. ஒண்ணு ரெண்டு இல்ல, நான் எண்ணிட்டேன். ஒம்போது பொட்டலம்."

பிள்ளைகளுக்கு இந்த மசாலா பழக்கமில்லை என்றேன்.

"மாக்கரோன்ல என்னட்டி மசாலா இருக்கு?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

கழகத்தின் எல்லா போன் குழுக்களிலும் இயக்குநருக்கு இடம் உண்டு. டானாவின் அணிக் குழுவில் நான் இதுவரை நுழைந்ததில்லை. நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். இன்று நுழைந்தேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் ஒன்றரை வரை படித்தேன்.

ஒவ்வொரு பிள்ளையும் தினம் மூன்று வேளைத் தட்டையும் படம் எடுத்துப் போட வேண்டும். டானா ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம் போடுகிறாள். திங்கட்கிழமை காலை ஒரு பட்டியல் வருகிறது. அதில் கடைசி மூன்று பெயர்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். ஒரு பெண் பிறந்தநாள் கேக்குக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள். என் வீட்டுத் தேங்காய்ச் சோற்றுக்குப் பதினெட்டுச் சிவப்பு.

ஆகஸ்டில் டெஸ்ஸா போட்ட ஒரு சான்ட்விச் படத்துக்குக் கீழே டானா எழுதியது: நீ கோலைக் காக்கப் போகிறாயா, அடைக்கப் போகிறாயா?

பதினேழு பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டிருக்கிறார்கள்.

இந்த வாக்கியம் எனக்குத் தெரியும். இது டானாவுடையது அல்ல. எடை மெஷின் பக்கத்தில் நின்று ஹால்சி சொன்னது. எங்கள் கீப்பர் சூசன் ப்ராண்டிடம் சொன்னது. அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

சூசனைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 9, புதன்

மழை. பிராக்டிஸ் ரத்து. வேனுக்கு டயர் மாற்றினேன். வேலை அதிகம்.

அக்டோபர் 12, சனி

எழுதிவிடுகிறேன்.

2010 ஆகஸ்ட். வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில், ஹோட்டல் மாடிப்படியில் சூசன் மயங்கி விழுந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் ஆப்பிளும் தண்ணீருமாக இருந்திருக்கிறாள். பக்கத்தில் நான் மட்டும்தான். தூக்கி உட்கார வைத்தேன். தோளைப் பிடித்தபோது கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

அவள் ஒரே ஒரு உதவி கேட்டாள். கழக அலுவலகத்தில் ஹால்சியைப் பற்றிச் சொல்லப் போகிறேன், நீயும் வா. நான் தனியாகப் போனால் எடை குறைக்க முடியாதவள் அழுகிறாள் என்பார்கள். நீ பக்கத்தில் நின்றால் போதும், நீ பேசக்கூட வேண்டாம் என்றாள்.

இறுதி ஆட்டம் முடியட்டும் என்றேன்.

இறுதி ஆட்டம் முடிந்தது. இரண்டு கோல். தோளில் தூக்கினார்கள். அடுத்த வாரம் விளம்பரப் படப்பிடிப்பு, அதற்கடுத்த வாரம் தேசிய அணி முகாம். சூசன் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஜனவரியில் அவளை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஹால்சி அதன் பிறகும் நான்கு வருடம் எங்கள் கோச்.

அந்த இறுதி ஆட்டத்தை நூறு மேடையில் சொல்லியிருப்பேன். ஒரு மேடையிலும் சூசன் வந்ததில்லை. யாராவது கேட்டால், எனக்கு அப்போது எதுவும் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தெரியும். எல்லாம் தெரியும்.

அக்டோபர் 14, திங்கள்

டானாவை அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். குழுவில் இருந்ததையெல்லாம் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். அவள் மறைக்கவில்லை. இதில் என்ன தப்பு, எடை மெஷின் வைத்தேனா, மணல் கோட்டு மாட்டினேனா, வெறும் படங்கள்தானே என்றாள். இந்த அணி ஜெயிப்பதற்கு இதுதான் காரணம் என்றாள். உண்மையிலேயே அப்படி நம்புகிறாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு நடந்த பேச்சை என் தமிழில் எழுதுகிறேன்.

"இதெல்லாம் தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும், மோ? நீ ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல."

"இல்ல."

"நான் ஏறினேன். ஆறு வருஷம். ஏறி ஏறித்தான் உனக்குப் பாஸ் கொடுக்கற அளவுக்கு ஓடினேன்."

"அதனால ஓடினியா, அது இருந்தும் ஓடினியா, டானா?"

"சூசன்கிட்ட இந்தப் பதினாலு வருஷத்துல எத்தனை தடவை பேசியிருக்க?" என்றாள்.

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப என்கிட்ட மட்டும் என்ன நியாயம்?"

நியாயம் இல்லைதான் என்றேன். ஆனாலும் நீ இந்தப் பிள்ளைகளுக்கு இனி கோச்சாக இருக்க முடியாது, இன்றோடு முடிந்தது என்றேன். அரையிறுதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றாள். தெரியும் என்றேன். ஆட்டம் முடியட்டும் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கதவை அறையவில்லை. அறைந்திருக்கலாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

நிர்வாகக் குழு கூடியது. ஐந்து பேர். தலைவர் வக்கீல். டானாவுக்கு உடல்நலக் காரணம் சொல்லி விடுப்பு கொடுத்துவிடலாம், கோப்பை முடிந்ததும் சத்தமில்லாமல் பிரிந்துவிடலாம், கழகத்தின் பெயரும் கெடாது என்றார். முடியாது என்றேன். மாநிலக் கால்பந்து சங்கத்துக்கு இன்று காலையே எழுதி அனுப்பிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிச் செய்தால் உன் வேலைக்கும் ஓட்டெடுப்பு வரும் என்றார். வரட்டும் என்றேன். பெனால்டி அடிக்கப் போகும்போது எனக்கு என்றைக்கும் கால் நடுங்கியதில்லை. இன்றும் நடுங்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பள்ளி நூலகத்தில் மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். அறுபது பேர் இருக்கும். அணித் தலைவியின் அப்பா எழுந்து, என் மகள் இரண்டு வருடம் உழைத்த கோப்பையைக் கைக்கெட்டும் நேரத்தில் கெடுத்துவிட்டாய் என்றார். கைதட்டினார்கள். இன்னொரு அம்மா தன் மகள் ஜூனிலிருந்து இரவுச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டு வந்ததை இந்த வாரம்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை.

மரீன் கரிகன் பின்சுவரோரம் நின்றிருந்தார். நர்ஸ். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

"செப்டம்பர்ல நான் எழுதினேன். நீங்க என்ன செஞ்சீங்க?"

என் பதிலை எடுத்துப்போயிருந்தேன். நான்கு வரியையும் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்தபோது அது எவ்வளவு மரியாதையாக இருந்தது என்பதுதான் காதில் உறைத்தது. பிறகு சூசனைப் பற்றிச் சொன்னேன். மாடிப்படி, அவள் கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும். ஹால்சியின் குரலில் எதையும் பேசிக் காட்டவில்லை.

மரீன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆறு பிள்ளைகள் வேறு கழகத்துக்கு மாறிவிட்டார்கள். டானாவும் அங்கேதான் போகப்போகிறாள் என்று பேச்சு. சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் அந்தக் கழகத்துக்கும் போயிருக்கிறது.

அக்டோபர் 26, சனி

அரையிறுதி. கோச் இப்போது நான்தான். கையில் பன்னிரண்டு பேர். பதினான்கு வருடம் கோல் அடித்தவளுக்கு ஒரு அணியைத் தடுத்து ஆட வைக்கத் தெரியாது என்று நினைத்தவர்கள் முதல் பாதியைப் பார்த்திருக்க வேண்டும். 1–1. இடைவேளையில் வாழைப்பழமும் வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியும் வைத்திருந்தேன். யாரும் கை நீட்டவில்லை. நான் திரும்பி நின்று பலகையில் அம்புக்குறி வரைந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டு காலி. ஒருத்தி இரண்டாவது ரொட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நீ இன்னும் முன்னால் நிற்கலாம் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே மென்றாள்.

இரண்டாம் பாதியில் கால்கள் ஓய்ந்துவிட்டன. 1–3 என்று தோற்றோம். மாநிலக் கோப்பை எங்களுக்கு இல்லை. ஆகஸ்டில் நான் எழுதியது தப்பு.

அக்டோபர் 30, புதன்

கரிகன் வீட்டுக்குப் போனேன். டெஸ்ஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்குள் கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். பள்ளியின் படகுப் போட்டி அணியில் சேர்ந்திருக்கிறாளாம். அங்கே உயரமும் கைபலமும் வேண்டுமாம். திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே, "நான் வரமாட்டேன்" என்றாள். சரி என்றேன்.

நவம்பர் 4, திங்கள்

ஓட்டெடுப்பு. மூன்றுக்கு இரண்டு. நான் தொடர்கிறேன். ஒரு கோச் தனியாகப் பிள்ளைகளோடு போன் குழு நடத்தக் கூடாது, ஒவ்வொரு பிராக்டிஸிலும் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும், எந்தப் புகாரும் இயக்குநரோடு நிற்காமல் நிர்வாகக் குழு முழுவதற்கும் போக வேண்டும் என்று நிபந்தனை. எனக்குப் போட்ட கடிவாளம் என்று தலைவர் நினைக்கிறார். மூன்றையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

நவம்பர் 6, புதன்

சூசனின் போன் எண் கிடைத்தது. மினசோட்டாவில் தீயணைப்பு நிலையத்தில் வேலை. இரண்டு நாளாக எண்ணை வைத்துக்கொண்டு மைதானத்தில் கொடிக் கம்பங்களைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். இன்று பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன்.

ஜெனிட்டா என்றேன். எந்த ஜெனிட்டா என்றாள். மோ என்றேன். அந்தப் பக்கம் கையிலிருந்த ஏதோ இரும்பை அவள் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். நீ கூப்பிட்டப்போ நான் வரல. அத உன்கிட்டயே சொல்லணும்."

"இப்ப நான் வேலையில இருக்கேன். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குக் கூப்பிடு. நீ பேச வேண்டாம். நான் கேக்கறதுக்குப் பதில் மட்டும் சொல்லு."

நவம்பர் 10, ஞாயிறு

ஒரு மணி நேரம் இருபது நிமிடம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நீக்கப்பட்ட அன்று அவள் எனக்கு அனுப்பிய கடிதம் கிடைத்ததா என்றாள். கிடைத்தது. படித்தாயா? படித்தேன். இந்த நோட்டில்கூட அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வேறொன்று சொன்னாள். ஹால்சி இன்னும் ஓய்வு பெறவில்லை. வேறு மாநிலத்தில், கோடை விடுமுறையில், பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறார். சூசன் அந்த மாநிலச் சங்கத்துக்கு மூன்று முறை புகார் எழுதியிருக்கிறாள். ஒரே ஒருத்தியின் பெயர்தான் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

"இன்னொரு தடவை எழுதினா, நீ கையெழுத்துப் போடுவியா?"

"போடுறேன்."

"அப்ப உன் பேரு மேல வரட்டும். உன் பேரைத்தான் அவங்க படிப்பாங்க."

நவம்பர் 13, புதன்

இரண்டு நாள் காலை வேளைகளில் நானும் சூசனும் போனிலேயே புகாரை எழுதி முடித்தோம். ஏழு பக்கம். தேதி, இடம், யார் யார் பார்த்தார்கள் எல்லாம் இருக்கிறது. நான் பார்த்தும் பேசாமல் இருந்ததும் இருக்கிறது. சூசன் சொன்னாள் என்பதற்காக நேற்று டானாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பதில் இல்லை. அவள் பதில் எழுதுவாள் என்று நான் நினைக்கவும் இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு, அனுப்புவதற்காக உட்கார்ந்திருந்தபோது, டானா கூப்பிட்டாள். வணக்கம் எதுவும் இல்லை.

"படிச்சேன். என் எடையை நீ அதுல எழுதல."

"எனக்கு ஞாபகமில்லையே, டானா. எழுதணுமா?"

"எழுது. கடைசித் திங்கட்கிழமை. நூத்தி முப்பத்தேழரை பவுண்டு. அதுக்கு முந்தின வாரம் நூத்தி முப்பத்தஞ்சு. அதுக்கும் முந்தி நூத்தி முப்பத்தாறே கால்."

நான் எழுதிக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஆறு வருடம். ஒரு தாள் முடிந்து இன்னொரு தாள் எடுத்தேன்.